இரண்டு பக்கம் எழுதுகிறார்கள், இரண்டு வாக்கியம் சொல்ல வரவில்லை

சாக்பீஸ் · வெள்ளி இரவு 9:40

உயர்நிலை இரண்டுக்குத் தமிழ் எடுக்கிறேன். இந்த வாரம் வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்லிவிட்டு யோசனை கேட்கலாம் என்று வந்தேன், நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் சிங்கப்பூரின் மரினா அணைக்கட்டு பற்றி ஆறு நிமிடம் நானே பேசிப் பதிவு செய்து போட்டேன். கடினமான விஷயம் ஒன்றும் இல்லை. 2008ல் திறந்தது, 350 மீட்டர், மரினா கால்வாயின் வாயை அடைத்து நகரத்துக்கு நடுவிலேயே நீர்த்தேக்கம், தீவின் நிலப்பரப்பில் ஆறில் ஒரு பங்கில் விழும் மழை அங்கே வந்து சேர்கிறது, குடிநீர், வெள்ளத்தடுப்பு, பொழுதுபோக்கு என்று மூன்று பயன்கள். அப்புறம் முக்கியமான இடம், அது வேலை செய்யும் விதம். கனமழையின்போது கடல் தாழ்ந்திருந்தால் ஒன்பது எஃகுக் கதவுகளை இறக்கித் திறந்து, கூடுதல் நீரைக் கடலுக்கு விடுவார்கள். கடல் ஏறியிருந்தால் கதவைத் திறக்க முடியாது, கடல்நீர் உள்ளே வந்துவிடும், அதனால் ஏழு பெரிய பம்புகள் நீரை இறைத்து வெளியே தள்ளும்.

முன்வரிசையில் ஒரு மாணவி, நல்ல பிள்ளை, தலையே நிமிராமல் இரண்டு பக்கம் எழுதினாள். மறுநாள் நோட்டை மூடிவைத்துவிட்டு, தெரிந்ததைச் சொல்லம்மா என்றேன். "மரினா அணைக்கட்டு என்பது சிங்கப்பூரில் அமைந்துள்ள ஓர் அணைக்கட்டு ஆகும்." அவ்வளவுதான். அதற்கு மேல் வரவில்லை, கண் கலங்கிவிட்டது, நானும் விட்டுவிட்டேன்.

கடைசி வரிசையில் ஒருவன். அவன் நோட்டில் இருந்தது முழுவதும் இதுதான்: "கதவு 9. பம்பு 7. மழை + கடல் மேல = பம்பு." பக்கத்தில் ஒரு பட்டம் வரைந்திருந்தான். பாதி ஆங்கிலம் கலந்துதான், ஆனால் கதவு எப்போது, பம்பு எப்போது, ஏன் என்பதை எல்லாம் ஒன்று விடாமல் சொல்லிவிட்டான். அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அவளுக்கு நான்தான் "கவனமாக எழுதிக்கொள்" என்று ஒன்றரை வருடமாகச் சொல்லிவருகிறேன். அதுதான் உறுத்துகிறது.

கார்னெல் முறையைப் போன வருடம் செய்து பார்த்தேன். அந்தப் பல்கலைக்கழகத்தில் வால்டர் பாக் என்பவர் 1950களில் உருவாக்கியது. வலப்பக்கம் குறிப்பு, இடப்பக்கம் குறுகலான பத்தியில் கேள்வியோ திறவுச்சொல்லோ, கீழே சுருக்கம். பிள்ளைகள் அளவுகோல் வைத்து ஊதா நிறத்தில் கோடு போட்டார்கள், பார்க்க அவ்வளவு அழகு. வலப்பக்கத்தில் அதே இரண்டு பக்கக் கதை, இடப்பக்கம் காலி.

குறிப்பெடுப்பது, சுருக்குவது, பிறகு அதை வைத்து நான்கு பேர் முன் தகவல் சொல்வது, மூன்றையும் எங்கிருந்து தொடங்குவது?

ஈசூன்_அம்மா · வெள்ளி இரவு 10:05

சார், என் மகனும் உயர்நிலை இரண்டு. இரண்டு பக்க ரகம்தான். வேறு வேறு நிறத்தில் ஹைலைட்டர் வைத்திருக்கிறான், பாடப்புத்தகத்தைத் திறந்தால் பக்கம் முழுக்க மஞ்சள். எதுடா முக்கியம் என்று கேட்டால் "எல்லாமே முக்கியம்தாம்மா" என்கிறான்.

கோபித்துக்கொள்ளாதீர்கள், ஒன்று கேட்கிறேன். "குறிப்பெடுங்கள்" என்று எல்லா ஆசிரியரும் சொல்கிறார்கள், எப்படி என்று யாராவது எடுத்துக் காட்டியிருக்கிறீர்களா? துணைப்பாட வகுப்பில் அதைவிட மோசம், அவர்களே குறிப்பெழுதி பிளாஸ்டிக் உறை போட்டுக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். சமைத்து, ஊட்டி, வாயையும் துடைத்துவிட்டால் பிள்ளை எப்போது சாப்பிடக் கற்றுக்கொள்ளும்?

ரெண்டுவாய் · வெள்ளி இரவு 11:32

நீதிமன்றத்தில் உரைபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். குறிப்பெடுத்துத்தான் சோறு சாப்பிட்டேன், அதனால் இந்த இழையைத் தாண்டிப் போக முடியவில்லை.

சாட்சி ஒரு நிமிடம் பேசுவார், சில சமயம் மூன்று நிமிடம் நிறுத்தாமல் பேசுவார், நான் கேட்டு முடித்து மற்ற மொழியில் அப்படியே சொல்ல வேண்டும். சேர்க்கவும் கூடாது, விடவும் கூடாது. புதிதில் நானும் உங்கள் முன்வரிசைப் பெண் மாதிரிதான். சொல் சொல்லாக எழுதினேன். ஒருமுறை என் கையெழுத்தையே எனக்குப் படிக்க முடியாமல் நின்றேன், நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

எங்கள் தொழிலில் ரோசான் என்று ஒருவர் 1956ல் பிரெஞ்சில் ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். ஏழு விதிகள். முதல் விதியே, சொல்லை எழுதாதே, கருத்தை எழுது என்பது. இன்னொன்று, இணைப்பை விடாதே. ஆனால், அதனால், இருந்தும், இல்லாவிட்டால், இந்த நான்கைந்து சொற்களை எழுதாமல் விட்டால் மற்றதெல்லாம் சிதறிய பாசிமணிதான். எண்களையும் பெயர்களையும் காதில் விழுந்த நொடியே எழுத வேண்டும், மற்றதை மூளை வைத்துக்கொள்ளும், எண்ணை வைத்துக்கொள்ளாது.

தமிழுக்கு என்று ஒரு சிக்கல் இருக்கிறது, அதை யாரும் வகுப்பில் சொல்வதில்லை. நம் மொழியில் வினை கடைசியில் வருகிறது, "இல்லை", "முடியாது", "கூடாது" எல்லாம் அந்த வினையின் வாலில் ஒட்டிக்கொண்டு வருகின்றன. ஆங்கிலத்தில் மறுப்பு பாதியிலேயே வந்துவிடும். தமிழில் சொல் சொல்லாக எழுதுகிறவர் இரண்டு சொல் பின்தங்கினால் போதும், மறுப்பு கைநழுவிவிடும், குறிப்பு நேர் எதிராகிவிடும். உங்கள் மாணவியின் நோட்டை எடுத்து "கதவைத் திறக்க முடியாது" என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறாள் என்று பாருங்கள், எனக்கு ஒரு சந்தேகம். வினை வரும்வரை பேனா தாளைத் தொடக்கூடாது, நான் புதிதாக வந்தவர்களுக்கு முதல் நாள் சொன்னது இதைத்தான்.

இன்னொன்று சுருக்கெழுத்து. ஆங்கிலத்தில் உயிரெழுத்தை உருவிவிட்டு எழுதினாலும் படிக்கலாம். தமிழில் உயிர் மெய்யோடு ஒட்டியிருக்கிறது, உருவ முடியாது. நமக்கு வாய்ப்பது தலையெழுத்துதான். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தை வீவக என்று நாளிதழ் போடவில்லையா, அப்படி. அணைக்கட்டு "அணை.", நீர்த்தேக்கம் "நீதே". பிள்ளையே உருவாக்கிய சுருக்கமாக இருக்க வேண்டும், நீங்கள் பட்டியல் கொடுத்தால் அதையும் மனப்பாடம் செய்யப் பார்க்கும்.

உங்கள் அணைக்கட்டை நான் எழுதினால் இப்படி இருக்கும். பக்கவாட்டில் அல்ல, மேலிருந்து கீழே:

கனமழை
– – கடல் தாழ்வு → கதவு 9 இறங்கும்
– – ஆனால் கடல் ஏற்றம் → கதவு ✗ (கடல் உள்ளே) → பம்பு 7
__________

ஒரு கருத்து முடிந்ததும் குறுக்கே ஒரு கோடு. கோட்டுக்கு மேலே இருப்பதைப் பார்த்துச் சொல்லி முடித்தால் அந்தப் பாரம் இறங்கியது.

சாக்பீஸ் · சனி காலை 7:15

ரெண்டுவாய் அக்கா, தூக்கம் வரவில்லை. நோட்டு என்னிடம்தான் இருக்கிறது, எடுத்துப் பார்த்தேன். "கடல்மட்டம் ஏறியிருந்தால் கதவைத் திறக்க" என்று எழுதி, அங்கேயே நிற்கிறது. அடுத்த வரி "மூன்றாவது பயன்". முடியாது என்பது இல்லை. அதைப் படித்தால் கடல் ஏறும்போதுதான் கதவைத் திறப்பார்கள் என்று ஆகிறது.

எத்தனையோ வருடம் நோட்டுத் திருத்துகிறேன். எழுத்துப்பிழைக்குச் சிவப்புக் கோடு போட்டேன், இதைக் கவனித்ததே இல்லை.

சந்தேகராஜா · சனி காலை 9:50

எல்லோரும் 1956ஐப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். எங்கள் அலுவலகத்தில் கூட்டம் முடிந்து நாற்காலியைவிட்டு எழுவதற்குள் செயற்கை நுண்ணறிவு குறிப்பு, சுருக்கம், அடுத்து யார் என்ன செய்ய வேண்டும் என்ற பட்டியல் எல்லாம் அனுப்பிவிடுகிறது. உயர்நிலைப் பள்ளியில் ஒவ்வொரு பிள்ளையிடமும் மடிக்கணினியோ ஐபேடோ இருக்கிறது. குதிரை வண்டி ஓட்டக் கற்றுத் தருகிற மாதிரி இருக்கிறது இது.

கையால் எழுதினால்தான் மண்டையில் ஏறும் என்று யாராவது அந்த ஆய்வைத் தூக்கிக்கொண்டு வருவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். 2014ல் முல்லர், ஓப்பன்ஹைமர் என்ற இருவர் அப்படி வெளியிட்டார்கள், மடிக்கணினியில் எழுதியவர்கள் சொல் சொல்லாகத் தட்டினார்கள், கருத்துக் கேள்வியில் பின்தங்கினார்கள் என்று. 2019ல் வேறு ஆய்வாளர்கள் திரும்பச் செய்து பார்த்தபோது அந்த வித்தியாசம் அவ்வளவு உறுதியாக வரவில்லை.

சாக்பீஸ் · சனி காலை 10:30

ராஜா சொல்வது சரி, கைக்கும் கணினிக்கும் சண்டை மூட்ட நான் வரவில்லை. அந்தப் பெண் கையால்தான் எழுதினாள், ஏறவில்லையே. எதில் எழுதினாள் என்பதல்ல, எழுதும்போது எதையாவது விட்டாளா என்பதுதான் கேள்வி. விடுவதற்கு யோசிக்க வேண்டும். எதை விடுவது என்று கருவியே எனக்காக முடிவு செய்தால் யோசித்தது கருவி.

அதே துறையில் இன்னோர் ஆய்வும் இருக்கிறது. ரோடிகர், கார்பிக், 2006. பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட, மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் திரும்பப் படித்தவர்கள்தான் முன்னால். அதனால்தான் பிள்ளைகள் ஏமாறுகிறார்கள், படித்தவுடன் எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும்.

சந்தேகராஜா · சனி காலை 10:41

சரி, அந்த இடத்தில் நான் மாட்டிக்கொண்டேன். நேற்றுக் கூட்டத்தின் சுருக்கம் வந்தது, அழகாக இருந்தது, இன்றைக்கு அதில் என்ன இருந்தது என்று கேட்டால் சொல்ல வராது. ஆனாலும் குதிரை வண்டியை நான் வாபஸ் வாங்கவில்லை.

இரவுத்தாதி · சனி மதியம் 2:10

இப்போதுதான் எழுந்தேன். மருத்துவமனையில் தாதி, பெரும்பாலும் இரவுப்பணி.

காலையில் பணியை ஒப்படைக்கும்போது ஒவ்வொரு நோயாளி பற்றியும் அடுத்த தாதிக்குச் சொல்ல வேண்டும். நீங்கள் சொல்லும் மூன்றும் அங்கே ஒரே நேரத்தில் நடக்கும், இரவெல்லாம் எடுத்த குறிப்பு, அதன் சுருக்கம், அதை வாயால் சொல்வது. சேர்ந்த புதிதில் ஒரு தாத்தாவைப் பற்றி நீட்டி முழக்கினேன். எத்தனை மணிக்குத் தூங்கினார், மகள் தொலைபேசியில் என்ன கேட்டார், இடதுகால் வலி, போர்வை கேட்டது வரைக்கும். காலையில் அவருக்கு ஸ்கோப், அதாவது உள்ளே குழாய் விட்டுப் பார்க்கும் பரிசோதனை இருக்கிறது, ஒன்றும் சாப்பிடக்கூடாது என்பதை மட்டும் சொல்லவில்லை. அது என் தாளில் இருந்தது, ஏழாவது வரியில், போர்வைக்குக் கீழே. ரொட்டியும் மைலோவும் போய்விட்டன, தாத்தா பாதி ரொட்டி சாப்பிட்டும்விட்டார், ஸ்கோப் அன்றைக்கு இல்லை. பொறுப்புத் தாதி திட்டவில்லை. "நீ சொன்னது எல்லாம் உண்மைதான்" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

அப்புறம்தான் நாலு தலைப்பு எனக்கு உறைத்தது. இப்போது என்ன நிலவரம், பின்னணி என்ன, நான் என்ன நினைக்கிறேன், நீ என்ன செய்ய வேண்டும். அமெரிக்கக் கடற்படை நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து மருத்துவமனைக்கு வந்தது என்று படிக்கும்போது சொல்லித் தந்தார்கள், அப்போது தேர்வுக்காக மனப்பாடம் செய்ததோடு சரி. கடைசித் தலைப்புதான் உயிர். கேட்கிறவர் அடுத்து என்ன செய்யப் போகிறார் என்று தெரிந்தால் எதை முதலில் சொல்வது என்று தானாகத் தெரியும். உங்கள் பிள்ளைகளுக்கு அது தெரியாது சார். யாருக்காக, எதற்காக அணைக்கட்டைப் பற்றிச் சொல்கிறார்கள்? உங்களுக்கு ஏற்கனவே தெரியும் என்று அவர்களுக்கும் தெரியும்.

பழைய_கரும்பலகை · சனி மாலை 4:45

தாதி சொன்னதற்கு வழிமொழிகிறேன். நான் பழைய தமிழாசிரியன், வயது எழுபத்தைந்து, மகள்தான் தட்டச்சு செய்கிறாள்.

சுருக்கி வரைவதை நான் தந்தியை வைத்துச் சொல்லித் தருவேன். சொல்லுக்குக் காசு. ஊரிலிருந்து வரும் "ஃபாதர் சீரியஸ் ஸ்டார்ட் இம்மீடியட்லி", நாலு சொல், யாருக்கு என்ன, எவ்வளவு அவசரம், நீ என்ன செய்ய வேண்டும், எல்லாம் அடக்கம். பிள்ளைகளிடம் பத்தியைக் கொடுத்து, சொல்லுக்கு ஐம்பது காசு, உன்னிடம் பத்து வெள்ளி என்பேன். "ஆகும்", "என்பது", "மேலும்" எல்லாம் ஓடிவிடும். இந்த "என்பது" தமிழ் மாணவர்களைப் பிடித்த ஒரு வியாதி. மரினா அணைக்கட்டு என்பது ஓர் அணைக்கட்டு ஆகும்! ஆறு சொல், மூன்று வெள்ளி, செய்தி பூஜ்யம்.

திருத்தும்போது என் அளவுகோல் நன்னூல். பவணந்தியார் 13ஆம் நூற்றாண்டில் நூலுக்குப் பத்துக் குற்றம் சொன்னார். குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல் மூன்றும் சுருக்கத்துக்கு. தாத்தாவின் போர்வை மிகைபடக் கூறல், சாப்பிடக்கூடாது என்பதை விட்டது குன்றக் கூறல், ஒரே பேச்சில் இரண்டும் இருக்கலாம் என்று தாதி காட்டிவிட்டார். பேச்சுக்கு மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல். மாணவர் படைப்புகளை, அதாவது வகுப்பின் முன் நின்று பேசுவதை, கேட்டவர்களுக்குக் கடைசிக் குற்றம் தெரிந்திருக்கும். கம்பீரமாக "அனைவருக்கும் என் பணிவான வணக்கம்" என்று தொடங்கி, நடுவில் வேகம் குறைந்து, முடிவில் "அவ்வளவுதான் சார்".

அந்த நூலிலேயே, ஒருமுறை கேட்டவன் மறுமுறையும் கேட்டால் பிழை குறையும், மூன்றாம் முறை கேட்டால் அடுத்தவனுக்கு முறையாகச் சொல்ல வரும் என்ற பொருளில் ஓர் இடம் வருகிறது. ஒலிப்பதிவை ஒரே தடவை போட்டுவிட்டு நோட்டைப் பார்ப்பது நியாயமில்லை, தம்பி. முதல் தடவை பேனாவைக் கீழே வைக்கச் சொல்.

ஆனால் ஒரு கண்டிப்பு. அந்தக் கடைசி வரிசைப் பையனை ரொம்பக் கொஞ்சாதே. பாதி ஆங்கிலத்தில் சொன்னான் என்கிறாய். அது தமிழ் வகுப்பு.

ஈசூன்_அம்மா · சனி மாலை 5:30

ஐயா, மரியாதையோடு மறுக்கிறேன். என் மகனுக்கு "கேட்ச்மெண்ட்" தெரியும், "நீர்ப்பிடிப்புப் பகுதி" பாதியில் மறந்துபோகும். அதைத் தேடி நிற்கும்போது அடுத்த இரண்டு வாக்கியம் போய்விடும். குறிப்பில் கூடவா கலக்கக்கூடாது?

ரெண்டுவாய் · சனி இரவு 8:02

குறிப்பு யாருக்கும் சொந்தமில்லை, எழுதியவருக்கு மட்டும் சொந்தம். என் குறிப்பில் தமிழ், ஆங்கிலம், மலாய், படம், அம்பு எல்லாம் கிடக்கும். "பொலே" என்ற மலாய்ச் சொல்லை "முடியும்" என்பதற்கு எழுதுவேன், இரண்டே எழுத்து. வாயைத் திறந்தால் மட்டும் ஒரே மொழி. ஐயாவின் கண்டிப்பை வாயில் வைத்துக்கொள்ளலாம், நோட்டை விட்டுவிடலாம் என்பது என் கருத்து. நோட்டுக்கும் வாய்க்கும் நடுவில் ஒரு ஐந்து நிமிடம் கொடுங்கள், "கேட்ச்மெண்ட்" பக்கத்தில் தமிழ்ச்சொல்லை அப்போது தேடி எழுதட்டும். கேட்கும்போது தேடினால்தான் வண்டி கவிழும்.

பழைய_கரும்பலகை · சனி இரவு 8:40

ஐந்து நிமிடம் என்றால் சம்மதம். பொலே என்பதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை, எனக்கும் பழக்கம்தான்.

பூட்ஸ்கால் · ஞாயிறு காலை 11:15

படித்தவர்கள் பேசுகிற இடம், நான் கட்டுமானத் தளத்தில் பாதுகாப்பு மேற்பார்வையாளர். ஆனால் தினமும் காலையில் நாற்பது பேர் முன்னால் பேசுகிறேன், டூல்பாக்ஸ் மீட்டிங் என்போம். பாதிப்பேர் நம் ஊர்ப் பையன்கள், அவர்களுக்குத் தமிழில். நிற்கிறவனுக்கு வெயில் ஏறுவதற்குள் வேலையைத் தொடங்க வேண்டும், கையில் இரண்டு பக்க ஆங்கிலச் சுற்றறிக்கை இருக்கும்.

ஆரம்பத்தில் அதைக் கடகடவென்று மொழிபெயர்த்துப் படிப்பேன். ஒருநாள் உயரத்தில் வேலை பற்றிச் சுற்றறிக்கை. முடித்துவிட்டு முன்னால் நின்ற தம்பியிடம் "நான் என்ன சொன்னேன், சொல்லு" என்றேன். "கவனமா இருக்கச் சொன்னீங்கண்ணே" என்றான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், ஆனால் உள்ளுக்குள் பயந்துவிட்டேன். இரண்டு பக்கத்தில் அவனிடம் போய்ச் சேர்ந்தது "கவனம்" ஒன்றுதான், அது நான் வாய் திறக்காமலே அவனுக்குத் தெரியும்.

இப்போது மூன்றுதான் சொல்கிறேன். 3 மீட்டருக்கு மேலே இருந்து விழ வாய்ப்பு இருக்கிற வேலையா, பெர்மிட் கையெழுத்தாகாமல் ஏறாதே. கொக்கியை இதில் மாட்டு, இதில் மாட்டாதே என்று கயிற்றைக் கையில் பிடித்துக் காட்டுவேன். சந்தேகம் வந்தால் என்னைக் கூப்பிடு. அப்புறம் யாராவது ஒருவரைத் திருப்பிச் சொல்லச் சொல்வேன், யாரை என்று முன்கூட்டித் தெரியாது. அவன் தப்பாகச் சொன்னால் தப்பு என்னுடையது, மறுபடி சொல்வேன். பேசினவனுக்கு மார்க் போடாதீர்கள் சார், கேட்டவன் என்ன சொல்கிறான் என்று பார்த்து, பேசினவனுக்கு மார்க் போடுங்கள்.

ஜேசி_ரெண்டு · ஞாயிறு மதியம் 1:20

மாணவர் தரப்பிலிருந்து ஒருவராவது பேச வேண்டும் இல்லையா. தொடக்கக் கல்லூரி இரண்டாம் ஆண்டு, தமிழ்ப் படைப்பு நிறையச் செய்திருக்கிறேன், நிறைய சொதப்பியும் இருக்கிறேன்.

ஸ்லைடைப் பார்த்துப் படிக்காதே என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஏன் படிக்கிறோம் என்று யாரும் கேட்பதில்லை. பயம். ஆங்கிலத்தில் ஒரு சொல் மறந்தால் வேறு சொல் போட்டுச் சமாளித்துவிடுவோம். தமிழில் நாங்கள் எழுதுவது எழுத்துத்தமிழ், "கடல்மட்டம் உயர்ந்திருக்கும் வேளையில் கதவுகள் திறக்கப்படுவதில்லை", அதை அப்படியே மனப்பாடம் செய்கிறோம். நடுவில் ஒரு சொல் நழுவினால் முழுக் கட்டடமும் சரிந்துவிடும், ஏனென்றால் அந்த மாதிரி வாக்கியத்தை அந்த இடத்தில் நின்று உருவாக்க எங்களுக்கு வராது. வீட்டிலும் யாரும் அப்படிப் பேசுவதில்லை.

எனக்குத் திருப்பம் வந்தது ஓர் ஆசிரியர் "பேச்சுத்தமிழிலேயே சொல், கொச்சை வேண்டாம், அம்மாவின் தோழியிடம் பேசுகிற மாதிரி" என்றபோதுதான். "கடல் மேல ஏறியிருந்தா கதவத் தொறக்க மாட்டாங்க, தொறந்தா உப்புத்தண்ணி உள்ள வந்துரும்." இது எனக்கு மறக்காது, மறந்தாலும் வேறு மாதிரி சொல்லிவிடுவேன். கையில் ஒரு அட்டை, அதில் ஐந்து சொல், எண்கள் மட்டும். ஸ்லைடில் படம் ஒன்று, எழுத்தே இல்லை. எழுத்து இருந்தால் என் கண் தானாக அங்கே போய்விடும்.

சாக்பீஸ் · ஞாயிறு இரவு 9:00

பேச்சுத்தமிழ் விஷயம் எங்களுக்கும் பயிற்சியில் சொன்னதுதான், 2005ல் வந்த பாடத்திட்ட மறுஆய்விலேயே பேச்சுத்தமிழுக்கு இடம் கொடுக்க வேண்டும் என்று பரிந்துரை இருந்தது. ஆனால் "படைப்பு" என்றவுடன் நாங்களே மேடைத்தமிழை எதிர்பார்த்து உட்கார்ந்துவிடுகிறோம், பிள்ளைகளும் அதைக் கண்டுகொண்டுவிடுகிறார்கள். ஜேசி தம்பி, நன்றி. நீ சொன்ன அந்த வாக்கியத்தை வகுப்பில் பயன்படுத்தப் போகிறேன்.

திட்டம் இப்படி யோசிக்கிறேன், குறை இருந்தால் இப்போதே சொல்லுங்கள். முதல் தடவை பேனா கீழே. இரண்டாம் தடவை அஞ்சலட்டை அளவு தாள், அதற்கு மேல் தாள் கிடையாது. வினை வந்த பிறகுதான் எழுத்து. ஒலி நின்றதும் ரெண்டுவாய் அக்காவின் ஐந்து நிமிடம். பிறகு தாளைக் கவிழ்த்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்ல வேண்டும், மறந்தால் எண்ணுக்கு மட்டும் தாளைத் திருப்பலாம். கேட்டவர் எழுந்து நின்று வகுப்புக்குச் சொல்வார். மதிப்பெண் பேசினவருக்கு, பூட்ஸ்கால் அண்ணன் சொன்னபடி.

யாருக்காக என்பதற்கு இன்னும் வழி தெரியவில்லை.

இரவுத்தாதி · ஞாயிறு இரவு 9:25

தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளை அணைக்கட்டுக்குக் கூட்டிப்போகிறோம், மழை வருகிறது, கதவு ஏன் மூடியிருக்கிறது என்று ஒரு குழந்தை கேட்கிறது. பதில் சொல். இந்த மாதிரி ஏதாவது. கேட்கிறவர்களுக்குத் தெரியாததாக இருக்க வேண்டும். வகுப்பை இரண்டாகப் பிரித்து, பாதிப்பேருக்கு அணைக்கட்டு, பாதிப்பேருக்குப் புதுநீர் (கழிவுநீரைச் சுத்திகரித்து எடுக்கும் நீர்) என்று தனித்தனியாகப் போட்டுவிடுங்கள், அப்போது எதிரில் இருப்பவருக்கு நிஜமாகவே தெரியாது.

சந்தேகராஜா · ஞாயிறு இரவு 10:10

ஒலிப்பதிவை ஐபேடிலும் சுருக்கச் சொல்லி, அதைப் பிள்ளைகளின் அட்டையோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எது எதை விட்டது என்று அவர்களே தேடட்டும். என் குதிரை வண்டிக்கும் ஓர் ஓரத்தில் இடம் கொடுங்கள்.

சாக்பீஸ் · இரண்டு வாரம் கழித்து, வெள்ளி மாலை 6:30

செய்து பார்த்தோம். எல்லாம் பிரமாதம் என்று சொல்ல மாட்டேன். முதல் வாரம் "சார், பேனா இல்லாமல் என்ன செய்வது" என்று ஒரே முணுமுணுப்பு, இரண்டு பேர் உள்ளங்கையில் எழுதினார்கள். அஞ்சலட்டைத் தாளில் எறும்பு அளவில் எழுதி அதே இரண்டு பக்கத்தைத் திணித்தவனும் உண்டு, அவனை எதுவும் செய்ய முடியாது, அடுத்த தடவை தாளைப் பாதியாக வெட்டினேன்.

ராஜா, உங்கள் பரிசோதனையும் நடந்தது. கருவியின் சுருக்கம் சுத்தமாக இருந்தது, ஆறு புள்ளி. ஆனால் 350 மீட்டரையும், கடல் உள்ளே வரும் என்பதையும் ஒரே எடையில் வைத்திருந்தது. ஒரு பெண் கண்டுபிடித்துச் சொன்னாள், "எல்லாமே முக்கியம்னு நெனைக்குது சார்" என்று. ஈசூன்_அம்மாவை நினைத்துக்கொண்டேன்.

அந்த முன்வரிசை மாணவி இன்றைக்குப் புதுநீர்க் குழுவில் ஒருவனுக்கு அணைக்கட்டைச் சொன்னாள். தாளில் பதினான்கு சொல், எண்ணிப் பார்த்தேன். "மழ பெய்யுது, கடலும் மேல இருக்கு, அப்ப என்ன செய்வாங்க?" என்று கேள்வியிலேயே தொடங்கினாள், அது நான் சொல்லித் தந்ததில்லை. பம்பு எத்தனை என்ற இடத்தில் நின்றாள், தாளைத் திருப்பினாள், "ஏழு" என்றாள், மறுபடி கவிழ்த்துவிட்டுத் தொடர்ந்தாள். இரண்டு நிமிடம் இருக்கும். கேட்டவன் எழுந்து வகுப்புக்குச் சொன்னபோது கதவு, பம்பு, காரணம் எல்லாம் வந்தன, ஒன்பதை மட்டும் பத்து என்றான். அவள் உட்கார்ந்த இடத்திலிருந்தே "ஒம்போது!" என்று கத்தினாள். கத்தியதற்குத் திட்டியிருக்க வேண்டும்.

கடைசி வரிசைக்காரன் இன்று நன்றாகச் செய்யவில்லை. புதுநீர் அவனுக்குப் பிடிக்கவில்லையாம், பட்டம் விட முடியாதாம்.

ரெண்டுவாய் · வெள்ளி இரவு 8:15

அந்தப் பதினான்கு சொல்லையும் இங்கே போடுங்கள், பெயர் வேண்டாம். கோடு போட்டிருக்கிறாளா என்று பார்க்க வேண்டும்.

சாக்பீஸ் · வெள்ளி இரவு 8:40

கோடு இருக்கிறது அக்கா, அளவுகோல் வைத்து, ஊதா நிறத்தில். தாளை அவள் வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டாள், திங்கள்கிழமை கேட்கிறேன்.

பூட்ஸ்கால் · சனி இரவு 10:50

சார், அந்த ஆறு நிமிடப் பதிவு கிடைக்குமா? நாளைக்கு லீவு, பையன்கள் அணைக்கட்டுக்குப் போகலாம் என்கிறார்கள், மேலே புல்தரையில் பட்டம் விடலாமாம். போகிற வழியில் போட்டுவிட்டு, அங்கே போய் ஒருவனைப் பிடித்துக் கேட்கிறேன்.

சாக்பீஸ் · சனி இரவு 10:58

அனுப்பிவிட்டேன் அண்ணே. யாராவது "பெரிய அணைண்ணே" என்று மட்டும் சொன்னால் தப்பு என்னுடையது, மறுபடி பதிவு செய்கிறேன்.